கழண்ட தோளை மைதானத்தில இழுத்துப் போடாதேங்கோ

முள்ளியவளைப் பக்கம் பெடியளுக்குக் கரப்பந்தாட்டம் பழக்கிறன். ஒருத்தனுக்கு ஸ்மாஷ் அடிக்கேக்க வலது தோள் கழண்டது. முதல்தரம் ஆஸ்பத்திரியில போட்டுவிட்டினம். ரெண்டாந்தரம் நானே கையைப் பிடிச்சு இழுத்தன். சுகமா உள்ள போச்சு. மூண்டாந்தரம் நித்திரையில கையைத் தலைக்கு மேல வைச்சிருக்கேக்கையே கழண்டுது. நான் செய்தது பெரும் பிழை.

சுகமா உள்ள போகுதெண்டால் காயம் சின்னன் எண்டு அர்த்தமில்லை. தோள்குழியின்ர விளிம்பில றப்பர் வளையம் மாதிரி ஒரு சவ்வு இருக்கு. தோள் முன்பக்கமாக் கழளேக்க அது கிழியும். திரும்பத் திரும்பக் கழள, குழியின்ர எலும்பு விளிம்பும் தேயும். பிறகு தடுக்க ஒண்டும் இல்லை, அதாலதான் லேசாப் போய் வருது. 20 வயசுக்குள்ள கழண்டு, கபடி, கரப்பந்தாட்டம் எண்டு நிக்கிற பெடியளில பாதிக்கு மேல திரும்பக் கழளும்.

கழண்ட உடனே, நோகாத நிலையிலயே கையை விட்டு, கைக்கும் உடம்புக்கும் இடையில துவாயை மடிச்சு வைச்சுச் சால்வையால கட்டுங்கோ. தோளின்ர வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கோ. விறைச்சிருந்தால் நரம்பு இழுபட்டிருக்கலாம், வைத்தியரிட்ட அதை முதலே சொல்லுங்கோ. பிளேன்ரீ, சோடா ஒண்டும் குடுக்கவேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. எக்ஸ்ரே எடுக்க முதல் எண்ணெய் போட்டு உருவவேண்டாம், முறிவும் சேர்ந்திருக்கும் சிலவேளை.

கட்டு அவிழ்த்த பிறகு பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் காட்டித் தருவார். வீட்டில செய்யச் சைக்கிள் ரியூப் போதும். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில கட்டி, முழங்கையை விலாவோட ஒட்டி வைச்சு, முன்கையை உள்ளுக்கும் வெளியிலும் மெதுவா இழுக்கவேணும். தலைக்கு மேல கை போற பயிற்சி கடைசியில. ஸ்மாஷ் அடிக்கிற மாதிரிக் கையைத் தூக்கேக்க "போகப்போகுது சேர்" எண்டு முகம் மாறினால், நோ இல்லாட்டிலும் அவனை இறக்காதேங்கோ. நந்திக்கடலில வீச்சுவலை எறியிற பெடியன் எண்டால் அதுவும் நிக்கவேணும். ஸ்மாஷில போற இடத்துக்குத்தான் அந்தக் கையும் போகுது.

ரெண்டாந்தரமும் கழண்டால் எலும்பு வைத்திய கிளினிக்கில கேளுங்கோ: எலும்பு எவ்வளவு தேய்ஞ்சிருக்கு? சவ்வைத் தைச்சால் போதுமா, எலும்புத் துண்டு வைச்சுப் பூட்டவேணுமா? பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் கொண்டுபோங்கோ. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஸ்மாஷ் அடிக்க 6 மாதமளவு செல்லும். மாவட்டப் போட்டி வருதெண்டு அவசரப்படுத்தாதேங்கோ.

என்ர பெடியனுக்குச் சவ்வைத் தைச்சது. அந்த மாதங்கள் முழுக்க, பின்னேரம் வந்து கோட்டுக்கு வெளியில நிண்டு இடக்கையால பந்து பொறுக்கித் தந்தவன்.