ஹோம் அசிஸ்டன்ட் சர்வருக்கு மாறாத முகவரி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஒரு நாள் மாலை மின்சாரம் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. இருட்டியதும் தானாக எரிய வேண்டிய வாசல் விளக்கு அன்று எரியவில்லை. படுக்கையறை வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரும் ஊமையாகிவிட்டது. வீட்டு விளக்குகளையும் சென்சார்களையும் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடும் சர்வர் கெட்டுவிட்டது என்று நினைத்து, மெமரி கார்டைக் கழற்றி எல்லாவற்றையும் மறுபடி நிறுவுவதற்குத் தயாராகிவிட்டேன்.

சர்வருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுவரை 192.168.1.7 என்ற ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) இருந்தது, மின்சாரம் வந்த பிறகு 192.168.1.12-க்கு மாறியிருந்தது. விளக்கும் சென்சாருமோ பழைய முகவரியிலேயே சர்வரைத் தேடிக்கொண்டிருந்தன. குடிபெயர்ந்தவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டால் எப்படிப் போய்ச் சேரும்?

எனவே புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஒரு விளக்கைக்கூட இணைப்பதற்கு முன் சர்வரின் முகவரியை நிலைப்படுத்திவிடுங்கள். அரை மணி நேர வேலை. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் அல்லது வேறு சிறு கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் ரவுட்டரில் செய்ய வேண்டியது இதேதான்.

முகவரி ஏன் மாறுகிறது?

வீட்டு ரவுட்டருக்குள் டிஎச்சிபி என்ற சேவை ஓடுகிறது. இணைகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியை அது குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. குத்தகைக் காலம் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும், பெரும்பாலும் அதே எண் திரும்பக் கிடைக்கும். மாதக்கணக்கில் எதுவும் மாறாததால் நாமும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் மின்சாரம் போனால் குத்தகைப் பட்டியலை மறந்துவிடுகிற ரவுட்டர்கள் உண்டு. அப்போது முந்திக்கொண்டு விழித்தெழும் வேறொரு கருவிக்கு உங்கள் சர்வரின் எண் போய்விடலாம்.

படி 1: கேபிளில் இணையுங்கள்

முடிந்தவரை சர்வரை ஈதர்நெட் கேபிள் மூலம் ரவுட்டரில் இணையுங்கள். வீட்டின் எல்லாக் கருவிகளும் இந்த ஒன்றை நம்பியிருக்கும்போது, அது வைஃபை அலைவரிசைக்காகப் போட்டி போடக் கூடாது.

படி 2: இப்போதைய முகவரியைக் கண்டுபிடியுங்கள்

அதே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கணினியில் பிரவுசரைத் திறந்து ‘ஹோம்அசிஸ்டன்ட்.லோக்கல்:8123’ (homeassistant.local:8123) என்று ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் அடியுங்கள். 8123 என்பது ஹோம் அசிஸ்டன்ட் காத்திருக்கும் போர்ட் எண். அதை விட்டுவிட்டால் பக்கம் வராது.

இந்தப் பெயரை எந்த வெளி சர்வரும் தேடித் தருவதில்லை. உங்கள் கணினி 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, “இந்தப் பெயருக்குரியவர் யார்?” என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. சர்வர் பதில் சொல்கிறது. விருந்தினர் வைஃபையில் இருந்தாலோ, கைப்பேசி மொபைல் டேட்டாவில் இருந்தாலோ அந்தக் குரல் சர்வரை எட்டாது. பக்கம் திறக்கவில்லை என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

அப்போதும் வரவில்லையா? சர்வரில் ஒரு திரையைப் பொருத்துங்கள். இயங்குதளம் எழுந்து முடிந்ததும் தன் ஐபி முகவரியைத் திரையிலேயே எழுதிக் காட்டும்.

படி 3: மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஐபி முகவரி மாறலாம். ஆனால் நெட்வொர்க் சில்லுக்கென்று தரப்படும் மேக் முகவரி வழக்கமாக மாறாது. எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து, இரண்டிரண்டாக ஆறு ஜோடிகள், மொத்தம் 12 குறிகள். ரவுட்டரின் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் சர்வரின் ஐபி முகவரிக்குப் பக்கத்திலேயே இதைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஈதர்நெட்டுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. கேபிளில் ஓடும் சர்வருக்கு வைஃபையின் எண்ணைப் பதிந்தால் அந்தப் பதிவால் ஒரு பயனும் இல்லை. கேபிளைச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டுப் பட்டியலைப் பார்ப்பது பாதுகாப்பு.

படி 4: ரவுட்டரில் இடம் பிடித்து வையுங்கள்

இதுதான் முக்கியமான படி. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1-இல் இருக்கும். டிஎச்சிபி பகுதிக்குள் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டேட்டிக் லீஸ்’ போன்ற பெயரில் ஓர் இடம் இருக்கும். அங்கே மேக் முகவரியையும் நீங்கள் விரும்பும் ஐபி முகவரியையும், எடுத்துக்காட்டாக 192.168.1.50, கொடுத்துச் சேமியுங்கள். பிறகு சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். கையிலிருக்கும் குத்தகையை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்டால்தான் அதற்குப் புது எண் கிடைக்கும்.

சர்வரிலேயே எண்ணை எழுதி வைக்காமல் ரவுட்டரில் ஏன் செய்ய வேண்டும்? நாளை ரவுட்டரை மாற்றுகிறீர்கள், புதியது 192.168.0 வரிசையில் இயங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் 192.168.1.50 என்று எழுதி வைத்திருந்தால் அது தனித்தீவாகிவிடும். எந்தக் கணினியிலிருந்தும் எளிதில் எட்ட முடியாது. ரவுட்டரில் பதிந்திருந்தால், புதிய ரவுட்டர் கொடுக்கும் ஏதோ ஓர் எண்ணுடன் சர்வர் எழுந்து நிற்கும். உள்ளே போய் எல்லாவற்றையும் சரிசெய்யலாம்.

படி 5: ரவுட்டரில் அந்த வசதி இல்லாவிட்டால் மட்டும்

ஹோம் அசிஸ்டன்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், நெட்வொர்க் என்ற வரிசையில் சென்று ஈதர்நெட் இணைப்பின் ஐபிவி4 (இதுவரை பார்த்த 192.168 போன்ற முகவரி வகை) பகுதியைத் திறங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை ‘ஸ்டேட்டிக்’ ஆக மாற்றினால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் வரும்.

முகவரிக் கட்டத்தில் 192.168.1.50. நெட்மாஸ்க் 255.255.255.0, சில இடங்களில் இதையே முகவரியோடு சேர்த்து /24 என்று எழுதச் சொல்லும், இரண்டும் ஒன்றே. முதல் மூன்று எண்கள் வீட்டுக்குப் பொதுவானவை, கடைசி எண்தான் கருவிக்குரியது என்பது அதன் பொருள். கேட்வே என்பது ரவுட்டரின் முகவரி. டிஎன்எஸ் என்பது ஒரு பெயருக்குரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை. அந்தக் கட்டத்திலும் ரவுட்டரின் முகவரியையே கொடுக்கலாம், அல்லது பொது டிஎன்எஸ் சேவைகளான 1.1.1.1 அல்லது 8.8.8.8.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் எண், ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். ரவுட்டர் 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் 50 பாதுகாப்பானது. 150 எடுத்தால் என்றாவது ஒரு நாள் அதே எண் ஒரு கைப்பேசிக்கும் போகும், இரண்டும் விட்டுவிட்டு வேலை செய்யும். கண்டுபிடிக்க மிகவும் கடினமான கோளாறு அது.

சேமித்தவுடன் பக்கம் உறைந்து நிற்கும். பயப்பட வேண்டாம். பழைய முகவரியில் இப்போது யாரும் இல்லை, அவ்வளவுதான். புதிய முகவரியை அடியுங்கள், திறக்கும்.

டிஎன்எஸ் கட்டத்தை அலட்சியமாக நிரப்பாதீர்கள். அது தவறாக இருந்தாலும் விளக்குகள் எரியும், பொத்தான்கள் வேலை செய்யும். எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் ராஸ்பெர்ரி பை 4-இல் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை எழும்போதும் இணையத்தில் நேரம் கேட்கிறது. நேரம் சொல்லும் சர்வரின் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கடிகாரம் பின்தங்கி நின்று, மாலை ஆறு மணிக்கு நடக்க வேண்டியது வேறு எப்போதோ நடக்கும்.

ஐபிவி4-க்கு அடுத்த தலைமுறை முகவரி வகையான ஐபிவி6 பகுதியை ‘ஆட்டோமேட்டிக்’ என்றே விட்டுவிடுங்கள். தேவையில்லை என்று அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. மேட்டர் என்ற பொதுத் தரத்தில் இயங்கும் ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் ஐபிவி6 வழியாகத்தான் பேசுகின்றன, அணைத்தால் அவை இயங்காது.

படி 6: உள்முகவரியைப் பதியுங்கள்

அதே நெட்வொர்க் பக்கத்தில், வீட்டுக்குள் பயன்படுத்தும் முகவரியைக் கேட்கும் கட்டம் இருக்கும். அங்கே 192.168.1.50-ஐ 8123 போர்ட்டுடன் கொடுங்கள். ஸ்பீக்கரில் குரல் அறிவிப்பு வர வேண்டுமானால், அந்த ஸ்பீக்கர் ஒலிக்கோப்பை எடுக்க வருவது இந்த முகவரிக்குத்தான். சென்சார்களின் அமைப்பிலும் பழைய எண் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும் என்ற ஆசை அடுத்து வரும். அதற்காக ரவுட்டரில் 8123 போர்ட்டை அப்படியே வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். மறையாக்கம் இல்லாத இணைப்பில் உங்கள் கடவுச்சொல் வெட்டவெளியில் போகும். வயர்கார்ட் போன்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர உதவும் மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாகவோ, ஹோம் அசிஸ்டன்டின் கட்டண கிளவுட் சேவை வழியாகவோ போவதுதான் முறை.

படி 7: மின்சாரத்தை நீங்களே துண்டித்துப் பாருங்கள்

முதலில் மெனுவிலிருந்து சர்வரை முறையாக நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மெமரி கார்டு பழுதாகலாம். பிறகு ரவுட்டரின் மின்இணைப்பையும் எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுங்கள். சர்வர் எழுந்ததும் 192.168.1.50-ஐ 8123 போர்ட்டுடன் அடியுங்கள். உள்நுழைவுப் பக்கம் வந்தால், முதல் விளக்கை இணைக்கத் தொடங்கலாம்.