இரண்டு தட்டு, ஒரு டிச் பட்டன்: ஆள் சேர்க்கவும் கன்னடம் கற்கவும் சக்கரம் வரைவது எப்படி

பெங்களூர் அல்சூரில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சுக் கன்னட வகுப்பு ஒன்று நடத்துகிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பிழைப்புக்காக பெங்களூர் வந்த குடும்பத்துப் பெண்கள். கடையிலும் பஸ்ஸிலும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் தயங்காமல் நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. வகுப்பு தொடங்கிய புதிதில் இரண்டு சிக்கல்கள். சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. சொல்லிக்கொடுத்த சொற்களும் அடுத்த ஞாயிறு வரை மனதில் தங்கவில்லை.

இரண்டுக்கும் கைகொடுத்தது ஒரே படம்தான். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை. வண்டிச் சக்கரம் எப்படியோ அப்படி. நான் வரைந்த முதல் சக்கரங்கள் எதுவும் வேலைக்கு ஆகவில்லை. எங்கே பிசகியது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன், மற்றதெல்லாம் சுலபம்.

என்னென்ன வேண்டும்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், ஒரு சார்ட் பேப்பர், பெரிதும் சிறிதுமாக இரண்டு எவர்சில்வர் தட்டு, பென்சில், பேனா, ஒரு டிச் பட்டன். சார்ட் பேப்பர் அவென்யூ ரோட்டு மொத்தக் கடைகளில் மலிவு. டிச் பட்டன் எந்த டைலர் சாமான் கடையிலும் கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் வரையலாமே என்று நினைப்பீர்கள். முதலில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு செயலியில் சொற்களை வட்டமாக வளைத்தபோது ‘கொடி’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களிடம் அந்தத் தாளை எப்படிக் கொடுப்பது? கையால் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்றும் உண்டு. தன் கையால் வரைந்த சக்கரத்தை எங்கள் வகுப்பில் யாரும் வீட்டில் மறந்துவிட்டு வருவதில்லை, அச்சடித்துக் கொடுத்தது ஒரே வாரத்தில் காணாமல் போனது.

படி 1: வட்டமும் ஆரமும்

பெரிய தட்டைக் கவிழ்த்து சார்ட் பேப்பரில் வட்டம் போட்டு வெட்டுங்கள். எட்டு ஆரம் வேண்டுமானால் பாதி, மறுபாதி, இன்னொரு பாதி என்று மூன்று முறை மடித்துப் பிரித்தால் போதும். ஆறு ஆரம் வேண்டுமானால் முதலில் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தைக் கோன் தோசை மாதிரி மூன்றாக மடியுங்கள். மடிப்புக் கோட்டின் மேல் பேனாவை ஓட்டினால் ஆரக்கால் தயார்.

ஆள் சேர்க்கும் பேச்சுக்கு ஆறு, சொல் கற்க எட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

படி 2: குடத்தில் என்ன எழுதுவது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பார்ப்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் சக்கரம் ஓடுவதும் நிற்பதும் இதில்தான் இருக்கிறது.

ஆள் சேர்க்க நான் வரைந்த முதல் சக்கரத்தின் நடுவில் ‘தன்னார்வலர் தேவை’ என்று எழுதியிருந்தேன். ஆரங்களில் வகுப்பின் நோக்கம், மாணவர் எண்ணிக்கை, எங்கள் கஷ்டம் என்று வரிசையாகப் போட்டேன். அதைப் படித்துவிட்டுப் போய்ப் பேசினால் எங்கு தொடங்கினாலும் பேச்சு எங்கள் தேவையிலேயே வந்து முடியும். கேட்டவர்கள் ‘நல்ல காரியம், பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொல் சக்கரத்திலும் அதே பிழை. நடுவில் ‘நிறங்கள்’ என்று எழுதி, சுற்றிலும் கன்னட நிறப்பெயர்களைப் போட்டேன். கெம்பு என்றால் சிவப்பு, கப்பு என்றால் கறுப்பு, ஹசிரு பச்சை, ஹளதி மஞ்சள். அடுத்த வாரம் வகுப்பில் பாதிப்பேருக்குக் கெம்பும் கப்பும் இடம் மாறியிருந்தன, ஹசிரும் ஹளதியும் அப்படியே. அவர்கள்மேல் தவறே இல்லை. ஒரே வகையைச் சேர்ந்த புதுச் சொற்களை ஒரே மூச்சில் கற்றால் ஒன்றோடொன்று குழம்பும், கற்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும். தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் இதை 1993இலேயே சோதித்து எழுதியிருக்கிறார். பாடப்புத்தகங்களில் இன்றும் நிறங்கள் ஒரு பக்கம், பழங்கள் ஒரு பக்கம் என்று வருவதைப் பார்த்து நானும் அப்படியே வரைந்துவிட்டேன்.

வழி திறந்தது நம்முடைய சித்திரகவியால், அதாவது எழுத்துகளைப் படமாக அடுக்கும் கவிதையால். சக்கரபந்தம் என்று ஒன்று உண்டு, பள்ளிக்கூடத்தில் படம் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓர் எழுத்து நிற்கும், எல்லா ஆரங்களும் அந்த ஓர் எழுத்தைப் பகிர்ந்துகொள்ளும். அது இல்லாமல் எந்த ஆரத்தையும் படிக்க முடியாது. அங்கே குடத்தில் இருப்பது தலைப்பு அல்ல, ஒவ்வொரு ஆரத்துக்கும் உறுப்பு. அதைப் பார்த்த பிறகு நான் வைத்துக்கொண்ட விதி:

குடத்தையும் ஏதாவது ஓர் ஆரத்தையும் சேர்த்து வாசித்தால், ஒரு மனிதர் உண்மையிலேயே வாய்விட்டுச் சொல்லும் ஒரு வாக்கியம் வர வேண்டும். வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படி 3: ஆள் சேர்க்கும் சக்கரம்

இந்த விதிப்படி நடுவில் இப்போது இரண்டே சொல்: ‘நான் வந்தால்…’

இதைச் சொல்வது வரப்போகிறவர், நாம் அல்ல. ஆரங்களில் அவர் மனதில் ஓடும் கேள்விகள். எத்தனை மணிக்குத் திரும்பலாம்? என்ன செய்ய வேண்டும்? யார் கூட இருப்பார்கள்? எத்தனை வாரம் வர வேண்டும்? நடுவில் நின்றுவிடலாமா? ஐந்து ஆரம் எனக்குத் தெரிந்தே நிரம்பியது. ஆறாவதைக் காலியாக விட்டிருந்தேன்.

அதை நிரப்பியவர் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. இங்கேயே பிறந்தவர், கன்னட மீடியத்தில் படித்தவர். தமிழும் கன்னடமும் அவருக்கு இரண்டு கை மாதிரி. மூன்று முறை கேட்டும் பிடிகொடுக்கவில்லை. நான்காம் முறை வகுப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, ‘நீங்க வந்தா என்ன யோசனை வரும், சொல்லுங்க அக்கா’ என்று மட்டும் கேட்டேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் வைத்துவிட்டு, ‘எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதேப்பா, அவங்க நோட்டுல எழுதுனதைக் காட்டிச் சரியான்னு கேட்டா நான் என்ன பண்றது?’ என்றார்.

நான் இதை யோசித்ததே இல்லை. பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம். நமக்கு மிகவும் வேண்டியவர்கள் அவர்கள்தான், தயங்கி ஒதுங்குவதும் அவர்கள்தான். ‘நான் வந்தால் தமிழ் படிக்கத் தெரிய வேண்டுமா?’ என்பது ஆறாவது ஆரம் ஆனது. பதில்: வேண்டாம், பேசினால் போதும். அந்த அக்கா இப்போது எங்களோடு இருக்கிறார்.

ஒவ்வொரு கேள்விக்கும் வட்டையில் ஒரே வரிப் பதில் எழுதுங்கள். உண்மையான பதிலாக இருக்கட்டும். ‘நடுவில் நின்றுவிடலாமா’ என்பதற்கு நாங்கள் எழுதியிருப்பது: ‘நிற்கலாம், ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.’ இந்த வரியைச் சேர்க்க எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. விடலாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்களே என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் உள்ளே வந்து உட்காருவார்கள்.

பேசப் போகும்போது சக்கரத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். கிளம்பும் முன் ஒரு முறை பாருங்கள், திரும்பி வந்ததும் எந்த ஆரங்களைத் தொட்டோம் என்று பென்சிலால் குறியுங்கள். ஆளுக்கு ஒரு சக்கரம், மூலையில் தேதி. முதல் பேச்சில் இரண்டு ஆரம் தொட்டாலே போதும். அவர் எங்கே தொடங்குகிறாரோ அதுதான் முதல் ஆரம், வட்டம் என்பதால் வரிசை கிடையாது. கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வேலைக்கு வந்து போகும் ஒரு தம்பி திரும்பும் நேரத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. 2001இல் சுரங்கம் மூடியதிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் பலருக்குப் பிழைப்பே ரயிலை நம்பித்தான். அவரிடம் வகுப்பின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தால் ரயில் போய்விடும். பன்னிரண்டுக்கு முடியும் என்றேன், சரி என்றார்.

படி 4: சொல் சக்கரம்

பெரிய வட்டத்தில் எட்டு ஆரம். எட்டிலும் கடையில் வாங்கும் பொருள்கள்: ஹாலு (பால்), அக்கி (அரிசி), பேளெ (பருப்பு), உப்பு, பெல்ல (வெல்லம்), ஈருள்ளி (வெங்காயம்), ஹூவு (பூ), ஹண்ணு (பழம்). பக்கத்தில் சின்னப் படம்.

நடுவில் வைக்க, சிறிய தட்டின் அளவில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டுங்கள். அதன் விளிம்பில் நான்கு திசைக்கு ஒன்றாக: கொடி (கொடுங்கள்), பேட (வேண்டாம்), எஷ்டு (எவ்வளவு), இதெயா (இருக்கிறதா). இரண்டு வட்டத்தின் நடுவிலும் ஊசியால் துளை போட்டு, டிச் பட்டனின் முளையை அடியிலிருந்து நுழைத்து, மறுபாதியை மேலே வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். சின்ன வட்டத்தைத் திருப்பத் திருப்ப, ஹாலு கொடி, உப்பு பேட, அக்கி எஷ்டு, பெல்ல இதெயா என்று 32 வாக்கியங்கள். முப்பத்திரண்டும் கடையில் அன்றாடம் பேசுவது. சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சரிபாருங்கள். ஏதாவது ஒரு சேர்க்கை அர்த்தமில்லாமல் வந்தால் அந்தச் சொல்லை மாற்றுங்கள்.

‘இதுவும் ஒரே வகைப் பொருள்கள்தானே?’ என்று கேட்கலாம். ஆம், ஆனால் எட்டும் ஒரே நாளில் அல்ல. உப்பு நம் சொல்லே. ஹாலும் ஹூவும் ஹண்ணும் பாதி தெரிந்தவை. முதல் வாரம் இந்த நான்கை மட்டும் எழுதுவோம், மற்ற ஆரங்கள் காலி. அப்புறம் வாரம் இரண்டாக நிரப்புவோம். அதோடு, ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்காமல் ஒரு வாக்கியத்துக்குள் போய் உட்காருவதால் இடம் மாறுவது வெகுவாகக் குறைந்தது.

எழுதும்போது ஒரு கவனம். கன்னடத்தில் ‘வேண்டும்’ என்பதைத் தமிழில் ‘பேகு’ என்று எழுதினால் நம்மவர்கள் ‘பகல்’ என்பதில் வரும் ககரம் போல மென்மையாகச் சொல்லிவிடுவார்கள். ‘பேக்கு’ என்று எழுதுங்கள், முதல் எழுத்து ‘பேட்டரி’யில் வருவது போல. ‘ஹோகு’ (போ) என்பதை மட்டும் அப்படியே விடுங்கள், அங்கே ககரம் மென்மைதான்.

படி 5: ஒலிச் சக்கரம் (விருப்பமிருந்தால்)

எனக்கு மிகவும் பிடித்தது இது. நடுவில் ‘ப போய் ஹ வரும்’. ஆரங்களில் பால்–ஹாலு, பத்து–ஹத்து, பல்–ஹல்லு, புலி–ஹுலி, புளி–ஹுளி, பாட்டு–ஹாடு, பணம்–ஹண, பாம்பு–ஹாவு. பழைய கன்னடத்திலும் இவை பகரத்தோடுதான் இருந்தன, பிற்பாடுதான் ஹகரமாக மாறின. ஓசூர் என்பது ஹொஸ ஊரு, அதாவது நம் புதூர். ஹொஸகோட்டெ என்பது புதுக்கோட்டை. இதைச் சொன்ன அன்று வகுப்பில் எழுந்த சிரிப்பும் ஆரவாரமும் இன்னும் என் காதில் இருக்கிறது. பஸ் பலகையில் தினமும் பார்த்த பெயர்கள் திடீரென்று சொந்தக்காரர்களாகிவிட்டன.

பெரிய தட்டில் இன்னொன்றும் போடலாம்: ‘வ போய் ப வரும்’. வா–பா, வாழை–பாளெ, வெண்ணெய்–பெண்ணெ, வாய்–பாயி. இந்தப் பகரமும் பேட்டரி பகரம்தான்.

எல்லாச் சொல்லும் இப்படி மாறாது. புஸ்தகம் என்பது வடசொல், கன்னடத்திலும் புஸ்தகதான். ஒருவர் ‘ஹுஸ்தக’ என்று கேட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து ஒலிச் சக்கரத்தின் பின்பக்கத்தில் ‘மாறாதவை’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம்.

பின்சேர்க்கை 1

படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீர்கள்: கீழ்ப்பக்க ஆரங்களில் எழுத்து தலைகீழாக வருகிறதே? எல்லாச் சொல்லையும் தலை வட்டையைப் பார்க்கவும், கால் குடத்தைப் பார்க்கவும் எழுதுங்கள். வாசிக்கும்போது தாளையே திருப்பி, வேண்டிய ஆரத்தை மேலே கொண்டுவாருங்கள். உள்வட்டத்திலும் அதே முறை. ஆரத்தின் நீளத்தில் எழுதினால் கழுத்து வலிக்கும்.

பின்சேர்க்கை 2

டெல்லியில் இந்திக்கு இதைச் செய்து பார்த்த ஒருவர், நடுவில் ‘சாஹியே’ போட்டால் நன்றாக ஓடுகிறது, ஆனால் ‘இருந்தது’ என்பதைப் போட முடியவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். இந்தியில் ‘தா’, ‘தீ’ என்று பொருளின் பாலுக்கேற்ப அது மாறும். ஆண்பால் சொற்களுக்கு ஒரு சக்கரம், பெண்பால் சொற்களுக்கு ஒரு சக்கரம் என்று பிரித்து, அட்டை நிறத்தையும் மாற்றுங்கள். பானி ஒரு அட்டையில், சீனி இன்னொன்றில்.

பின்சேர்க்கை 3

டிச் பட்டன் தளர்ந்து சின்ன வட்டம் தானாகச் சுற்றுகிறது என்றவருக்கு: இரண்டு அட்டைக்கும் நடுவில் பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு ரூபாய் அளவுக்கு மெல்லியதாகச் சீவி ஒரு வாஷர் வையுங்கள். தையல் கடை அக்கா சொன்ன யோசனை இது. எங்கள் சக்கரங்கள் அப்புறம் தளரவில்லை.