மாசுத் தண்ணியும் மீனும்: சாம்பிள் எடுக்கப் போறவங்களுக்கு

பிஜி, பிஎச்டிக்கு இந்த டாபிக் எடுத்தவங்க நேரா கழிவு கலக்குற இடத்துக்கு ஓடாதீங்க. கலக்காத மேல்பக்கத்துல ஒரு இடம் முதல்ல பாத்து வெச்சுக்கோங்க, ஆழம், ஓட்டம், அடிமண்ணு எல்லாம் முடிஞ்சவரை ஒத்துப்போகணும், ஏன்னா அது இல்லாம கீழ புடிச்ச மீனோட செவுள்ல சேதம் இருக்குன்னு காட்டினா, மாசா ஒட்டுண்ணியான்னு கைடு கேக்கும்போது முழிக்கணும்.

கரைஞ்ச ஆக்சிஜன், பிஎச், வெப்பநிலை மூணையும் அந்த இடத்துலயே மீட்டர் போட்டு எழுதிடுங்க. நேரத்தையும் எழுதுங்க, பாசி மண்டின குளம் மத்தியானம் சூப்பரா ஆக்சிஜன் காட்டும், ராத்திரி முழுக்க பாசியும் சேர்ந்து மூச்சு விட்டு விடியுறதுக்கு முன்னாடி லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழ போயிடலாம், மீன் மிதக்குறது பெரும்பாலும் அப்பதான், நாம போறது பத்து மணிக்கு!

அம்மோனியாலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. லேப் பொதுவா குடுக்குறது மொத்த அம்மோனியா, மீனுக்கு முக்கிய விஷம் அதுல அயனியாகாத பங்கு, அதாவது அம்மோனியம் அயனியா மாறாம NH3யாவே இருக்குறது. 25 டிகிரில பிஎச் 7னா அந்தப் பங்கு சுமாரா அரை சதவீதம், அதே தண்ணி பிஎச் 9க்குப் போனா மூணுல ஒரு பங்கைத் தாண்டிடும். பிஎச் எழுதாத அம்மோனியா ரீடிங்கை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

உலோகத்துக்கு எடுக்குற தண்ணிய ஆசிட்ல கழுவின பிளாஸ்டிக் பாட்டில்ல புடிச்சு, நைட்ரிக் ஆசிட் விட்டு பிஎச் 2க்குக் கீழ கொண்டுவாங்க, கரைஞ்சது மட்டும் வேணும்னா அதுக்கு முன்னாடியே வடிகட்டிடணும்.

மீனுக்கு எதிக்ஸ் அனுமதி வாங்கிட்டுதான் கைவைக்கணும். ஒரே இனம், கிட்டத்தட்ட ஒரே சைஸ், ஏன்னா பாதரசம் மாதிரி சேர்ந்துக்கிட்டே போறது வயசான மீன்லதான் அதிகமா இருக்கும். பாதரசத்துக்கு சதை, கேட்மியத்துக்கு கல்லீரலும் கிட்னியும், ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து சந்தேகம்னா மூளையில அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ்ங்குற நரம்பு என்சைம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாருங்க. என்சைம் சாம்பிள உடனே திரவ நைட்ரஜன்ல போடுங்க, திசு பாக்குறதுக்கு 10% பஃபர் ஃபார்மலின். செத்து மிதக்குற மீன்ல செவுள் எடுக்கவே எடுக்காதீங்க, அது சீக்கிரமே அழுகி நோய் மாதிரியே தெரியும்.

லேபிள பென்சில்ல எழுதி ஃபார்மலின் பாட்டிலுக்கு உள்ளயும் ஒண்ணு போடுங்க, மார்க்கர் மை கரைஞ்சுடும்.