தென்பெண்ணையின் அடிச்சேறும் மீனும்: ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

ஓசூர் அருகே தென்பெண்ணை ஆற்றிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் எல்லோரும் பாட்டிலோடு தண்ணீர் எடுக்கப் போகிறார்கள். நுரைக்குக் காரணம் சோப்புத்தூளும் சாக்கடை நீரும். வெள்ளம் வந்தால் அது போய்விடும். ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் அப்படிப் போவதில்லை. களித்துகளில் ஒட்டி அடியில் தங்கிவிடும். ஆற்றில் உலோகம் கூடுகிறதா குறைகிறதா என்ற பல ஆண்டுப் போக்கைச் சொல்வது சேறுதான், அதையும் ஒழுங்காக எடுத்தால்.

பெரிய தவறு, மணலையும் சேற்றையும் ஒப்பிடுவது. கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைச் சேற்றையும், ஆற்றில் அதற்குக் கீழே உள்ள இருமத்தூரின் மணலையும் பக்கத்தில் வைத்து, "கீழே போகப் போக ஆறு சுத்தமாகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் குறைந்தது உலோகம் ஒட்டும் களிதான். ஒரே இடத்திலும் இது நடக்கும்: ஒரு வருடம் கோடையில் எடுத்த சேறு, மறு வருடம் வெள்ளத்துக்குப் பின் எடுத்த மணல். ஒரு சிட்டிகையை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல், வழவழவென்றால் களி. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன், அதே மாதத்தில், பத்து மீட்டர் இடைவெளியில் ஐந்து இடங்களில் மேல் 5 செ.மீ. மட்டும் எடுத்துக் கலக்குங்கள். சலித்து, 63 மைக்ரானைவிட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகளை மட்டும் பிரித்துச் சோதியுங்கள். களியில் அலுமினியம் இயல்பாகவே அதிகம் என்பதால், கூடவே அதையும் அளந்தால் களியின் பங்கு தெரியும்; மற்ற உலோகத்தை அலுமினியத்தோடு விகிதமாக ஒப்பிடலாம்.

சலிக்க நைலான் சல்லடைதான் வேண்டும். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும், எவர்சில்வர் கரண்டி குரோமியத்தையும் நிக்கலையும் மாதிரியில் சேர்த்துவிடும். இந்த வட்டாரத்துக் கருங்கல் பாறையிலேயே குரோமியமும் நிக்கலும் இயற்கையாக உண்டு. அதனால் ஆலைக் கழிவு சேராத ஓடையின் சேற்றையும் ஒப்பீட்டுக்கு எடுத்தாக வேண்டும்.

அடிச்சேற்றை அடுக்கடுக்காக வெட்டி ஆண்டு கணிப்பவர்கள் கே.ஆர்.பி. அணையில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2017 நவம்பரில் ஷட்டர் உடைந்து நீர் வெளியேறியபோது மதகுப் பக்கத்து அடுக்குகள் கலைந்திருக்கலாம். அங்கே எடுத்த அடுக்கை மட்டும் நம்பக் கூடாது.

மீனில் தவறு வேறு வகை. சேற்றைக் கிளறித் தின்னும் மிர்காலையும் மேல்மட்டத்தில் மேயும் கட்லாவையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். பாதரசம் சதையில் சேரும், மீன் வளர வளரக் கூடும். ஆகவே நீளத்தைக் குறிக்காத பாதரச அளவை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடியாது. காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும், ஈயம் எலும்பிலும் செவுளிலும் அதிகம். உண்ணத் தகுமா என்று பார்க்கச் சதை வேண்டும்; மீனுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க ஈரலும் செவுளும் வேண்டும்.

ஈர எடை, உலர் எடை குழப்பம் வீண் பீதியைக் கிளப்பிவிடும். மீன் சதையில் ஏறக்குறைய 80 சதவீதம் நீர். உலர் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. ஈயம் என்றால் ஈர எடையில் 0.2 மி.கி. தான். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு மீனில் ஈயத்துக்கு வைத்த வரம்பான கிலோவுக்கு 0.3 மி.கி. ஈர எடைக்குரியது. எந்த எடை என்று எழுதாத அறிக்கையை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம்.

மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால் உடனே உலோகத்தின் மேல் பழி போடுகிறார்கள். உலோகம் பெரும்பாலும் மெல்ல மெல்லக் கெடுக்கும்: வளர்ச்சி குன்றும், முட்டை குறையும், செவுள் சிதையும். ஒரே இரவில் சாவது பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாமலோ அம்மோனியாவாலோதான். அணை திறந்து கறுப்புச் சேறு கலங்கினாலும் ஆக்சிஜன் சட்டென்று விழும். அளக்கப் போவதானால் விடியுமுன் போங்கள்; பத்து மணிக்குள் பாசி ஆக்சிஜனை மறுபடி ஏற்றியிருக்கும், மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும்.