கண் சாய்ந்த பக்கத்தை மூளையின் நினைவு என்று எழுதிவிடாதீர்கள்

இடநினைவுச் சோதனைகளில் ஈஈஜியையும் (தலையில் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவது) ஐ டிராக்கரையும் (கண் எங்கே பார்க்கிறது என்று பதியும் கருவி) சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். ஜெல் காய்ந்துபோவது, எலக்ட்ரோடு கழன்றுவிடுவது, ஃபைலைச் சேமிக்க மறப்பது எல்லாம் ஒரு முறை பட்டால் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். கிராஃப் அழகாக வந்து, புள்ளியியலும் தேறி, அப்புறம் மொத்தமும் வேறு கதை என்று தெரியவரும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே.

தொடக்கத்தில் மட்டும் டிரிகர் அனுப்புவது

டிரிகர் என்பது இரண்டு பதிவுகளையும் நேரத்தில் பொருத்த அனுப்பும் குறி. இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒவ்வொரு ட்ரையலிலும், அதாவது சோதனையின் ஒவ்வொரு சுற்றிலும், அனுப்புங்கள், கடைசியிலும் ஒன்று.

நினைவில் இருக்கும் இடத்தின் பக்கம் கண் சாய்வதைக் கவனிக்காதது

சோதனை பொதுவாக இப்படி இருக்கும். நடுவில் ஒரு சிலுவைக்குறி, அதைச் சுற்றி வட்டமாக எட்டு இடங்கள். ஏதோ ஓர் இடத்தில் புள்ளி ஒன்று தோன்றி மறையும், ஒன்றிரண்டு விநாடி வெற்றுத்திரை, அப்புறம் 'எங்கே இருந்தது?' என்று கேட்போம். அந்த வெற்றுத்திரை நேரத்து ஈஈஜியை ஒரு கிளாசிஃபையருக்கு (சிக்னலைப் பார்த்து எந்த இடம் என்று ஊகிக்கும் நிரல்) கொடுத்தால், குருட்டாம்போக்கில் கிடைக்கும் 12.5 சதவீதத்தைவிட நன்றாகவே இடத்தைச் சொல்லிவிடும். உடனே 'நினைவு மூளை அலையில் தெரிகிறது' என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிலுவையையே பாருங்கள் என்று எவ்வளவு சொன்னாலும், மனம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தின் பக்கம் கண் கொஞ்சம் சாயத்தான் செய்யும். 2019இல் வான் ஈட் குழுவினர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள், சாய்வு ஒரு டிகிரிக்கும் ரொம்பக் குறைவு. அவ்வளவு சின்னது என்ன செய்துவிடும் என்று தோன்றும். கண்ணே ஒரு சின்ன பேட்டரி மாதிரி, முன்பக்கம் பாசிட்டிவ், விழித்திரைப் பக்கம் நெகட்டிவ். அது பக்கவாட்டில் ஒரு டிகிரி திரும்பினால் கண்ணோரத்து எலக்ட்ரோடுகளில் சுமார் 16 மைக்ரோவோல்ட் மாறும், கால் டிகிரிக்கே 4 வந்துவிடும். நாம் தேடும் நினைவு சிக்னல் ஒன்றிரண்டு மைக்ரோவோல்ட்தான். பின்தலைக்கு வருவதற்குள் கண்ணின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும், உண்மை, ஆனால் கிளாசிஃபையருக்கு அந்த மிச்சமே போதும்.

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். சராசரி எடுத்தால் போய்விடுமே என்பார்கள். போகாது, வலப்பக்கப் புள்ளிக்கு வலப்பக்கமே சாய்கிறது, சராசரியில் அது இன்னும் துலக்கமாகும். ஒரு டிகிரிக்கு மேல் போன ட்ரையல்களை நீக்கிவிட்டோம் என்பார்கள், சிக்கலே அதற்குக் கீழே இருப்பவற்றில்தான். ஐசிஏ (கலந்த சிக்னல்களைப் பிரித்து, கண்ணின் பங்கை நீக்கும் கணக்குமுறை) போட்டாச்சு என்பார்கள். ஐசிஏ நிறையக் குறைக்கும், முழுக்கத் துடைக்காது. அதோடு, கண் நகர்ந்தால் விழித்திரையில் சிலுவை விழும் இடமும் மாறும், அதற்குப் பார்வைப் புறணி தரும் பதில் நிஜமான மூளை சிக்னல், அதை ஐசிஏ எப்படி எடுக்கும்?

கொஞ்ச நாள் முன்பு ஓர் இளைஞர் இப்படி ஒரு முடிவைக் கொண்டுவந்தார், கட்டுரை அனுப்பும் நிலையில் இருந்தது. கண் டேட்டா எங்கே என்றேன். எல்லாம் ஃபோல்டரில் இருக்கிறது, ஆனால் சிமிட்டல்களைக் கண்டுபிடிக்க மட்டும்தான் திறந்திருக்கிறார். அதே கிளாசிஃபையர், அதே கிராஸ் வேலிடேஷன் (டேட்டாவின் ஒரு பகுதியில் பழக்கி மறுபகுதியில் சோதிப்பது), உள்ளீடாகக் கண்ணின் எக்ஸ், ஒய் இரண்டு எண்கள் மட்டும் கொடுத்துப் பார்த்தோம். ஈஈஜியின் வளைவு எந்த நேரத்தில் ஏறியதோ அதே நேரத்தில் இதுவும் ஏறியது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மோஸ்டர்ட் குழுவினர் 2018இலேயே எம்ஈஜி (மூளையின் காந்தப்புலத்தைப் பதிவது) டேட்டாவில் இந்தச் சிக்கலை எழுதிக் காட்டிவிட்டார்கள், அதை அவருக்குச் சொல்லித்தராதவர்களை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. அத்தனை பேரை உட்காரவைத்து, தலையில் ஜெல் தடவி எடுத்த டேட்டா.

ஆகவே ஈஈஜியை டிகோட் செய்யும் முன், அதாவது அதிலிருந்து இடத்தை ஊகிக்கும் முன், கண்ணை டிகோட் செய்யுங்கள். கண்ணால் முடியவில்லை என்றால் கொஞ்சம் நிம்மதி. முடிந்தால், எல்லா இடங்களுக்கும் பார்வை ஒரே மாதிரி இருக்கும் ட்ரையல்களை மட்டும் எடுத்து மறுபடி ஓட்டுங்கள். கண்ணும் நினைவும் ஒரே கவனத்தின் இரண்டு விளைவுகளாக இருக்கலாம் என்பது நியாயமான வாதம், அதை வைத்தும் கட்டுரை எழுதலாம், கண் வளைவையும் அதே படத்தில் போட்டு.

காமா கூடியதும் துள்ளுவது

2008இல் யுவல்-கிரீன்பெர்க் குழுவினர் காட்டியது: படம் தோன்றி 200–300 மில்லிசெகண்டில் ஈஈஜியில் தெரியும் அகலமான காமா (வேகமான மூளை அலை) எழுச்சி, மைக்ரோசக்கேட்டின்போது (கண்ணின் மிகச் சின்னத் தாவல்) கண் பக்கத்திலிருந்து வரும் கூர்முனை. ஐ டிராக்கர் பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள்.

தீட்டாவை அப்படியே நம்புவது

படத்தைச் சுதந்திரமாகப் பார்க்கவிட்டால் கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பின்தலையில் சுமார் 100 மில்லிசெகண்டில் லேம்டா என்ற அலை எழும். அந்தத் தாளம் தீட்டாவின் (விநாடிக்குச் சுமார் 4 முதல் 8 முறை எழும் மூளை அலை) அடிவிளிம்பில் போய் உட்காரும். அதிக இடங்களைப் பார்த்த படங்கள்தான் பொதுவாக நன்றாக நினைவில் நிற்கின்றன என்பதால், 'நினைவிருந்தவை', 'மறந்தவை' என்று பிரித்ததுமே பார்வைகளின் எண்ணிக்கையும் பிரிந்துவிடும். எண்ணிக்கையைச் சமமாக்குங்கள், இல்லையென்றால் அன்ஃபோல்ட் போன்ற மென்பொருள் டூல்பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழும் மூளையின் பதில்களைப் பிரித்தெடுங்கள்.

கண்மணியின் அளவை மறப்பது

வீடியோ டிராக்கரில் கண்மணி விரிந்தாலோ சுருங்கினாலோ, கண் நகராமலே நகர்ந்ததாகப் பதிவாகும். நினைவுச் சுமை கூடினால் கண்மணி விரியும். எனவே எளிய, கடினமான ட்ரையல்களுக்கு இடையே தெரியும் சின்னப் பார்வை வித்தியாசத்தை நம்பும் முன் கண்மணி அளவையும் வரைந்து பாருங்கள்.

சிமிட்டலை மட்டும் வெட்டுவது

முன்னும் பின்னும் 100 மில்லிசெகண்டையும் சேர்த்து வெட்டுங்கள்.