ஸ்டர்ஜன்: ஒரு மீன் பெயரின் வேரைத் தேடும் முறை

கேவியர் முட்டைக்குப் பேர்போன மீன் ஸ்டர்ஜன். இயற்கையில் பூமியின் வடபாதியில்தான் உண்டு. நம் ஆறுகளில் கிடையாது. சொற்பிறப்பு ஆராயப் பழகுபவர்களுக்கு இந்தப் பெயர் நல்ல பயிற்சி. இரவல், ஒலித்திரிபு, போலி ஒற்றுமை எல்லாம் இந்த ஒரே சொல்லில் சிக்கும்.

தேவையானவை: இலவசமாகப் பார்க்கக்கூடிய மூன்று இணைய அகராதிகள். ஆங்கிலத்துக்கு எட்டிமான்லைன், பிரெஞ்சுக்கு சிஎன்ஆர்டிஎல், ஜெர்மனுக்கு டிடபிள்யூடிஎஸ். கூடவே ஒரு தாளும் பென்சிலும். பேனா வேண்டாம், அம்புக்குறிகளை அழித்துத் திருப்பிப் போட வேண்டிவரும்.

படி 1: கடைசி வடிவத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். தாளின் அடியில் ‘ஸ்டர்ஜன்’ என்று எழுதுங்கள். அது ஆங்கிலத்துக்கு வந்தது 1300 வாக்கில், பழைய பிரெஞ்சின் ‘எஸ்துர்ஜோன்’ வழியாக. அதை மேலே எழுதி ஓர் அம்பு போடுங்கள்.

படி 2: ஒவ்வொரு ஒலிக்கும் கணக்குக் கேளுங்கள். முன்னால் ஏன் ‘எ’? சொல் முதலில் ‘ஸ்ட்’, ‘ஸ்க்’ வந்தால் பழைய பிரெஞ்சுக்காரர் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்வார்கள்; நம்மூரில் ‘இஸ்கூல்’, ‘இஸ்டேசன்’ என்பதுபோல. ஆங்கிலம் அதை உதறிவிட்டது. நடுவில் வரும் ‘ஜ’ யகரத்திலிருந்து பிறந்தது. புறாவைக் குறிக்கும் ‘பிஜன்’ என்ற சொல்லும் லத்தீன் ‘பிப்பியோனெம்’ என்பதிலிருந்து இதே வழியில் வந்ததுதான். இப்படி ஒரு துணைச் சான்றாவது கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: அம்பின் திசையைச் சோதியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இடைக்கால லத்தீனில் ‘ஸ்துரியோ’ என்ற சொல் இருக்கிறது. பார்த்தவுடன் ‘மூலம் லத்தீன்’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ரோமானியர் காலத்து லத்தீனில் இந்த மீனின் பெயர் ‘அக்கிபென்சர்’. ‘ஸ்துரியோ’ பிற்காலத்தில் ஜெர்மானிய மொழியிலிருந்து (ஜெர்மன், ஆங்கிலம், டச்சு சேர்ந்த மொழிக்குடும்பம்) லத்தீனுக்குள் நுழைந்தது. 1758-இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் ஐரோப்பிய ஸ்டர்ஜனுக்கு வைத்த அறிவியல் பெயரில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: அக்கிபென்சர் ஸ்துரியோ.

ஆக, பிரெஞ்சுச் சொல்லுக்கு மேலே வரவேண்டியது பிராங்கியரின் (பிரான்சில் குடியேறி ஆண்ட ஜெர்மானிய இனத்தார்) ‘ஸ்துர்யோ’. அகராதியில் அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ஏட்டில் கிடைக்காத, அறிஞர்கள் மீட்டமைத்த வடிவம் என்று அதற்குப் பொருள். உங்கள் தாளிலும் அந்தக் குறியை விடாமல் போடுங்கள். விட்டால், ஊகம் சான்றாகிவிடும்.

படி 4: உறவுச் சொற்களைப் பக்கவாட்டில் எழுதுங்கள். ஜெர்மன் ‘ஷ்டோர்’, பழைய ஆங்கில ‘ஸ்டியூரியா’. இவற்றுக்கு அம்பு வேண்டாம், கோடு போதும். இவை தாயல்ல, உடன்பிறப்புகள். ‘ஒப்பிடுக’ என்று அகராதி சொன்னால் ‘இதிலிருந்து வந்தது’ என்று படிக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்துக்குச் சொந்தமாகவே ‘ஸ்டியூரியா’ இருந்திருக்கிறது. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் விருந்து மேசையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்துகொண்டது. வீட்டுச் சொல் மறைந்தது. அதன் உறவுக்காரச் சொல்லே பிரெஞ்சு உடையில் திரும்பி வந்தது.

படி 5: பொருளைக் கடைசியில் தொடுங்கள். ‘கிளறுவது’ என்பதே இப்பெயரின் பொருள் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. ஜெர்மனில் ‘ஷ்டோரன்’ என்றால் குலைப்பது, தொந்தரவு செய்வது. இந்த மீனும் மூஞ்சியின் அடியில், வாய்க்கு முன்னால் உள்ள நான்கு மீசைகளால் அடிமண்ணைத் தடவி இரை தேடுகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது நிறுவப்படாத கருத்து, கேள்விக்குறியோடு எழுதுங்கள். மீனின் குணம் பெயருக்குப் பொருந்துகிறது என்பது மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

கவனம்: அறுவை மருத்துவரைக் குறிக்கும் ‘சர்ஜன்’ இதற்கு உறவில்லை. அது ‘கைவேலை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பிரெஞ்சில் தேய்ந்து தேய்ந்து இன்று ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

பயிற்சி: ஸ்டர்ஜனின் காற்றுப்பையை உலர்த்திச் செய்து, பீரைத் தெளிய வைக்கப் பயன்படுத்திய பொருள் ‘ஐசிங்கிளாஸ்’. ‘கிளாஸ்’ என்பதைக் கண்ணாடி என்று எடுத்துக்கொள்ளாமல் இதே ஐந்து படிகளில் தேடிப் பாருங்கள். டச்சு மொழியின் ‘ஹைசன்பிளாஸ்’ கிடைக்க வேண்டும்: முதல் பாதி ஸ்டர்ஜன், பின்பாதி பை.