மாட்டு மரபணு ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு

முதலில் ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் பட்டம். அப்புறம் கால்நடை மரபியலில் முதுகலை, பிறகு முனைவர் பட்டம். பாதை இதுதான். நான் சொல்ல வந்தது ரத்த மாதிரி எடுப்பதைப் பற்றி.

காங்கேயம் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உரிமையாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் காளைக்குப் பிறந்தது, தாய் எது என்று கேட்டு எழுதுங்கள். தாயும் மகளும் ஒரே பட்டியலில் வந்தால் கணக்கே கெட்டுவிடும். உறவில்லாத மாடுகள்தான் வேண்டும். செவலைக் கன்றைப் பார்த்து வேறு இனம் என்று ஒதுக்காதீர்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம்தான், ஆறு மாதத்தில் சாம்பலாகிவிடும்.

கழுத்துச் சிரையில் ரத்தம் எடுத்ததும், உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். என் முதல் பயணத்தில் அவசரத்தில் இதை விட்டேன். பன்னிரண்டு குழாய் கட்டிப்போனது. அந்த விவசாயியிடம் மறுபடி போய் நிற்க எவ்வளவு கூச்சமாக இருந்தது!

ஆய்வகத்தில், குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றிக் குழாயைச் சாய்த்தால் வெள்ளை நூல்போல டி.என்.ஏ. சுருண்டு எழும். இருபது வருடமாகியும் எனக்கு அது அலுக்கவில்லை.

குளோனிங் பக்கம், அதாவது ஓர் உயிரின் மரபணு நகலாக இன்னொன்றை உருவாக்கும் பக்கம், போக ஆசையா? சரி, போங்கள். ஆனால் 1996-இல் டாலி ஆடு பிறந்தது 277 முயற்சிகளில் ஒன்றாக. அந்த 276-ஐயும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.